பிந்தி விழுந்த ஓர் அடி

அறுபதுகளில் நெற்றியில் புரண்ட முடியால் நெஞ்சங்களைக் கிறங்கவைத்து, இன்று அந்த முடியில் அரைப்பிடியே மிச்சம் என்றாலும் குரலில் குன்றிமணி அளவும் குறையாத, இந்த அவையின் தலைவர், எங்கள் பாடகர் அவர்களே! முன்வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் மேடைத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாலும், எங்கள் மரியாதைக்கெல்லாம் உரிய அண்ணி அவர்களே! நேற்றுவரை எதிரெதிர் ரசிகர் அணிகளில் நின்று, இன்று மூட்டுவலியால் ஒரே அணியாகிவிட்ட பெரியோர்களே! அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கப் பள்ளிக்கு மட்டம் போட்டு, பின்னாளில் தாம் பெற்ற பிள்ளைகள் மட்டம் போட்டபோது மட்டும் காதைத் திருகிய தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் வணங்கி என் வாயைத் திறக்கிறேன். எப்போது மூடுவேன் என்று கேட்காதீர்கள்.

நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். இதோ, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன். பத்து நிமிடம் ஓடினால் இது ஏழு நிமிடம்தான் காட்டும். மேடைக்கென்றே நான் மெதுவாக ஓடவைத்த கடிகாரம் இது. தலைவர் அவர்களே, அதற்குள் மணியை எடுக்காதீர்கள்!

நாம் கூடியிருப்பது யாருக்காக? நால்வர் குழுவில் நாலாவதாக நின்றவருக்காக. நின்றவர் என்றா சொன்னேன்? உட்கார்ந்தவர்! மூவர் முன்னால் நின்று முகம் காட்ட, முரசுகளுக்குப் பின்னால் முன்நெற்றியும் முழங்கையும் மட்டுமே தெரிய உட்கார்ந்திருந்த டிரம்ஸ்காரர். நமக்கு அவர் லேட்டண்ணன். சென்ற மாதம் நம்மை விட்டுப் போனாரே, அவருக்காக.

பாடகருக்கு அன்று முந்நூறு ரசிகர்கள். கிட்டார்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கு இருநூறு. லேட்டண்ணனுக்குப் பதினொரு பேர். அதிலும் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். என்ன, மூன்றாவது வரிசையில் பேக்கரிக்காரர் எழுந்திருக்கிறார்? "நான் ஒண்ணும் மழைக்கு ஒதுங்கல" என்கிறாரா? ஐயா, நீங்கள் ஒதுங்கியது என் குடைக்குள். உட்காருங்கள்.

அந்தப் பாட்டு உங்களுக்கெல்லாம் மனப்பாடம். இடம் தவறி இந்த அரங்குக்குள் நுழைந்துவிட்டவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் வாத்தியமெல்லாம் சட்டென்று நின்றுவிடும். பிறகு ஒரே ஒரு டிரம்ஸ் அடி. அதோடு சேர்ந்து ஒரே ஒரு கைதட்டல். முதல் சரணத்தில் அது சரியாக விழுந்தது. இரண்டாம் சரணத்தில் அதைவிடச் சரியாக விழுந்தது. மூன்றாம் சரணத்தில்? பொறுங்கள், பொறுங்கள், பாட்டே போடவில்லை, அதற்குள் தட்டுகிறீர்களே! மூன்றாம் சரணத்தில் அந்த அடி, ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும் நேரம் பிந்தி விழுந்தது. அதனால்தான் அவர் லேட்டண்ணன் ஆனார். அதனால்தான் நம் கூட்டங்களில் அந்த இடம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து பிந்தித் தட்டுகிறோம். பதினொரு பேர் தொடங்கிய பழக்கம், பிறகு எல்லா அணிக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அண்ணனின் மனைவி, நம் அண்ணி, தட்டியதில்லை. நீங்கள் யாராவது கவனித்ததுண்டா? நான் கவனித்திருக்கிறேன். குழு கலைந்தபின் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்தார். அங்கே வந்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "சார், பிரேக் எப்போ போடணும்? கரெக்டான நேரத்துலயா, உங்க நேரத்துலயா?" அண்ணன் சிரித்தார். சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற அண்ணி சிரிக்கவில்லை. சென்ற மாதம் அண்ணனை வழியனுப்பியபோது நாம் என்ன செய்தோம்? பெட்டியைச் சுற்றி நின்று, பிந்தி ஒரு தட்டுத் தட்டினோம். அன்புதான், மறுக்கவில்லை. அண்ணி என் சட்டையைப் பிடித்துக் கேட்டார்: "செத்தப்புறமும் அந்த மனுஷனைக் கேலி பண்ணாம விட மாட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்று கொண்டுவந்திருக்கிறேன்.

இப்போது பாட்டைப் புதிதாக வெளியிடுகிறார்கள். அந்தப் பிந்திய அடியை இயந்திரத்தில் போட்டு நேராக்கிவிடப் போகிறார்கள். சம்மதத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். பாடகர் போட்டுவிட்டார். அண்ணியின் மடியில் அந்தத் தாள் இருக்கிறது, கையில் பேனா இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தன் கணவரின் பெயரிலிருந்து அந்த ஒரு கறையைத் துடைக்க நினைக்கிறார். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்?

தலைவர் மணியடிக்கிறார். ஐயா, என் கடிகாரத்தில் ஏழே நிமிடம்தான்!

அண்ணி, அந்த அடிக்கு நேரம் தெரியும். அந்தக் கைதட்டலுக்குத்தான் நேரம் தெரியவில்லை. அந்தக் கை யாருடையது என்று இத்தனை வருடத்தில் ஒருவராவது கேட்டதுண்டா? இதோ. இந்தக் கை.

சத்தம் போடாதீர்கள். பேக்கரிக்காரரே, நாற்காலிமேல் ஏறாதீர்கள், அது மடக்கு நாற்காலி.

பாட்டுப் பதிவான அன்று வாசலில் கையெழுத்து வாங்க நாங்கள் வரிசையில் நின்றோம். குழுவில் எல்லார் கையிலும் வாத்தியம், தட்டுவதற்கு ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. அண்ணன் வெளியே வந்து, "யாருக்காவது கை சும்மா இருக்கா?" என்றார். இருநூறு கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. வரிசையின் குடைகளெல்லாம் என் கையில் இருந்தன. "பாவம், இந்தப் புள்ளைக்கு ஓய்வு குடுங்க. நீ வாப்பா" என்று கூட்டிப் போனார். எனக்கு அப்போது இருபது வயது.

டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அதன் ஓரத்தில் நான். மற்ற மூவரும் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். இரண்டு சரணம் தட்டிவிட்டேன். மூன்றாம் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் நின்றன. நானும் நின்றுவிட்டேன்! எதற்கு வந்தேன் என்பதையே மறந்து, கைகளை விரித்தபடி, வாயைப் பிளந்தபடி, அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் குச்சியை ஓங்கினார். என்னைப் பார்த்தார். அடிக்க வேண்டிய நேரம் வந்தது. அடித்தாரா? அடிக்கவில்லை, ஐயா! அடிக்கவில்லை, அம்மா! ஓங்கிய குச்சி ஓங்கியபடி நின்றது. ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். எனக்கு உறைத்தது. தட்டினேன். என் கை சேர்ந்த அதே கணத்தில் அவர் குச்சி விழுந்தது.

பாடகர் அவர்களே, பாட்டு முடிந்ததும் திரும்பி நீங்கள் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? "யாருய்யா லேட்டு?" அண்ணன் சொன்னார்: "நான்தான்பா. கை வழுக்கிடுச்சு." அதற்கு நீங்கள்: "வழுக்குற கையை வச்சுக்கிட்டு ஏன்யா டிரம்ஸுக்கு வந்தே?" மறுபடி பதிவுசெய்ய நேரம் இல்லை, அடுத்த குழு வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்தப் பதிவே வெளியானது. வெளியே வந்ததும் நான் உளறினேன், "அண்ணே, நான்தான்..." "சும்மா இரு. நான் நேரத்துக்கு அடிச்சிருந்தா உன் கை மட்டும் தனியா மாட்டியிருக்கும். இவரு உன்னை முழுங்கியிருப்பாரு. என்னை முழுங்க முடியாது, தொண்டையில சிக்கிக்குவேன்."

தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டார். நன்றி.

பிறகு ஏன் சொல்லவில்லை? முதல் வருடம் பயம். அடுத்த வருடம் வெட்கம். அதற்கடுத்த வருடம் என்னை நம் ரசிகர் மன்றச் செயலாளர் ஆக்கிவிட்டீர்கள். பதவி கைக்கு வந்தபிறகு எவன் உண்மை பேசுவான்? பிந்தித் தட்டும் பழக்கத்தைத் தொடங்கியவனும் நானே. என் தப்பை உங்கள் எல்லார் கைகளுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு நல்லவனாக நடமாடினேன். ஊருக்கெல்லாம் நேரம் திருத்துகிறவன், என் நேரத்தை ஒரு நல்ல மனிதர் தலையில் கட்டிவிட்டேன். ஒரு முறை, "சொல்லிடவா அண்ணே?" என்று கேட்டேன். பதறிவிட்டார். "கெடுத்துடாதப்பா! இந்த ஜனங்க என்னை ஞாபகம் வச்சிருக்கிறதே அந்த லேட்டுக்காகத்தான்." ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் தட்டும்போது கடைசி வரிசையிலிருந்து அந்தப் புருவம் உயரும். எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணி, கேலி செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். செய்தோம். கேலிக்கு உரியவன் இதோ நிற்கிறேன், வயிறு வலிக்கச் சிரியுங்கள். ஆனால் அந்த அடியை நகர்த்த விடாதீர்கள். ஓர் ஓங்கிய குச்சி, ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காகக் காத்திருந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைத் திருத்தினால் மிஞ்சுவது வெறும் தாளம். எனக்கு என் அண்ணன் வேண்டும்!

அண்ணி எழுந்திருக்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நான் சொல்கிறேன். "இத்தனை வருஷமா என்கிட்டகூடச் சொல்லலியே அந்த மனுஷன்" என்கிறார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். பேனாவைப் பாடகரிடமே திருப்பிக் கொடுக்கிறார். என்ன அண்ணி? "உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன். மொதல்ல பாட்டைப் போடச் சொல்லுங்க. இன்னிக்கு வேற யாரும் தட்டக் கூடாது. நீங்களும் நானும் மட்டும்."

உத்தரவு!

இந்தப் பாவியின் பேச்சைப் பொறுத்த பெரியோர்களுக்கும், பொறுக்காமல் மணியடித்த தலைவருக்கும், இதுவரை உடையாமல் தாங்கிய பேக்கரிக்காரரின் நாற்காலிக்கும் என் நன்றி. கைகூப்பி வணக்கம் சொல்வதுதான் முறை. ஆனால் கைக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. தலையை மட்டும் தாழ்த்துகிறேன். பாட்டைப் போடுங்கள். மூன்றாம் சரணத்தில் என் கை நிச்சயம் பிந்தும். பிந்தட்டும். அண்ணன் காத்திருப்பார்.