தோளில் வைத்த சுத்தியல்

கதவைத் தட்டுகிற மாதிரி மரத்தைத் தட்டக் கூடாது, அக்கா. சுற்றிலும் எட்டு இடத்தில், ஒரே விசையில், மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டக்' என்று சுருக்கமாகச் சொல்லும். பொந்து விழுந்திருந்தால் 'தொம்' என்று, வெறும் வயிற்றைத் தட்டின மாதிரி. கொஞ்ச நாள் பழகினால் வந்துவிடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

விளக்கைப் போடாதே. அப்பா இப்போதுதான் படுத்தார். நாம் பேசுவது அவருக்குக் கேட்காது, வெளிச்சம் தெரிந்துவிடும்.

ஆமாம், கேட்காது. நீ வேலைக்கு வெளியூர் போன இந்த இரண்டு வருடத்தில் அப்பாவின் காது போய்விட்டது. இருபத்தைந்து வருடம் மரம் அறுக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்றவர் இல்லையா. முகம் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். போனில் அது நடக்காது. "பஸ்ல பையைத் தொலைச்சிட்டேன்ப்பா" என்று நீ அழுதபோது, "ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே இரு" என்றாரே. நீ ஒரு வாரம் கோபமாக இருந்தாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர் வேலை உனக்குத் தெரியும். ஐந்து குடியிருப்பு வளாகம், ஆயிரத்துச் சொச்சம் மரம். எது யார் தலையில் விழும் என்று விழுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மரத்துக்குப் பச்சைப் பொட்டு, கெட்டதற்குச் சிவப்பு. சிவப்பு வைத்தால் சுற்றி நாடா கட்டி, ஆட்களை விலக்கி, அணில் அண்ணன் ஏறி வெட்டுவார். சத்தம் கேட்காத மனுஷனுக்கு இந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள். வேலை போனால் வேலைக்காகக் கொடுத்த இந்த வீடும் போய்விடும்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் நான் கூடப் போனேன். நான் தட்டுவேன், அப்பா எழுதுவார். சுத்தியலைத் தோளில் வைத்தால் நல்ல மரம். கீழே தொங்கவிட்டால் கெட்டது. காதும் காதும் வைத்த மாதிரி ஒன்றரை வருடம் ஓட்டினோம். கூடவே சுற்றுகிற அணில் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. "என்ன டாக்டரம்மா, இன்னிக்கு எத்தனை மரத்துக்குக் காய்ச்சல்?" என்று என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவார்.

பாட்டு டீச்சர்தான் கண்டுபிடித்தார். நம் எதிர்க் கட்டடத்தில் தனியாக இருந்தாரே, அவர்தான். தினமும் சாயங்காலம் பதினேழாம் எண் மரத்தடி பெஞ்சில் வந்து உட்காருவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்கப்பாவுக்குக் காது கேக்கல, இல்ல கண்ணு?"

"நல்லா கேக்குமே டீச்சர்."

"என்கிட்டயேவா? முப்பது வருஷம் பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவ நான். எவன் கேக்கறான், எவன் சும்மா தலையாட்டறான்னு எனக்குத் தெரியாதா? நீ சுத்தியலைத் தோள்ல வெச்சப்புறம்தான் அவர் பென்சிலையே எடுக்கறார்."

"வெளிய சொல்லிடாதீங்க டீச்சர். வேலை போயிடும்."

"போகாது. உக்காந்து பாக்கற வேலையா மாத்திக் குடுப்பாங்க. இந்த மாசக் கடைசியில நானே மேனேஜர்கிட்ட பக்குவமா பேசறேன். படிக்கிற பொண்ணு நீ, இதையெல்லாம் சுமந்துக்கிட்டுத் திரியாதே."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பயமே வந்திருக்காது. கெட்டவர்கள் சொன்னால் மேனேஜர் நம்ப மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை பதினேழாம் எண்ணுக்கு வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. டீச்சர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அந்த மரம் ஆள் உயரத்திலேயே இரண்டாகப் பிரியும். அதில் ஒன்று பெஞ்சுக்கு மேலே நீண்டிருக்கும். அதைத் தட்டினேன். எட்டில் ஐந்து இடம் 'தொம்' என்றது. அப்பா என்னைப் பார்த்தார்.

சுத்தியலைத் தோளில் வைத்தேன்.

அப்பா பச்சைப் பொட்டு வைத்துவிட்டு, மரத்தை முதுகில் தட்டிக் கொடுத்தார். கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி.

அப்போது நான் எதையும் முடிவு செய்யவில்லை. அன்றைக்கு அது நூற்றுப் பத்தாவது மரம், கை வலித்தது. பொந்து விழுந்த மரமெல்லாம் உடனே விழுந்துவிடாது, பத்து வருடம்கூட நிற்கும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தது.

டீச்சரே ஒருநாள் கேட்டார். "என் மரம் எப்படி இருக்கு கண்ணு? காத்தடிச்சா ஒரு மாதிரி முனகுது. அந்தப் பக்கத்து பெஞ்சுக்குப் போயிடலாமான்னு பாக்கறேன்."

"நல்லாருக்கு டீச்சர். நானே தட்டிப் பாத்தேன்."

"அப்போ சரி. இங்க இருக்கறதுலயே நல்ல காது உன்னுதுதான்."

அதன் பிறகு அவர் இடம் மாறவில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. சாயங்காலம் காற்று எழும்பியது. சிவப்புப் பொட்டு மரங்களின் கீழே யாரும் நிற்க வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. நம் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த பெஞ்சு தெரியும். பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். டீச்சர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைப் பொட்டு மரம்தானே. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். துணியெல்லாம் பறந்தது, அக்கா. அதனால்தான் சாத்தினேன். பிறகு உட்கார்ந்து துணி மடித்தேன். ஐந்தோ ஆறோ மடித்திருப்பேன், சத்தம் வந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு சட்டை பாக்கி இருந்தது, அதையும் மடித்து வைத்தேன்.

கையை எடுக்காதே, அக்கா. குளிருகிறது.

கிளையை அறுத்து எடுத்தது அணில் அண்ணன்தான். அறுத்த இடத்தில் கையை விட்டு அள்ளிக் காட்டினார். "உள்ள வெறும் தூளுதான் சார் இருக்கு. இதை எப்படி விட்டீங்க?" என்று அழுதார். அப்பா அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ குழந்தைம்மா. தப்பாக் கேட்டிருக்கும். உன்னை அங்க நிக்க வெச்சது என் தப்பு. யார் கேட்டாலும் நான்தான் தட்டினேன், நீ என் பின்னால சும்மா வந்தே. புரியுதா?"

எனக்குத் தப்பாகக் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. காது கேட்காததை மறைத்து வேலை பார்த்தேன், ஒரு உயிர் போனதற்கு நானே பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உன்னை அவசரமாக வரச் சொன்னது அதற்குத்தான், என்னைப் பார்த்துக்கொள்ள. தலையணைக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது. சாயங்காலம் முழுக்க என்னை எதிரில் உட்காரவைத்து, வார்த்தை சரியாக வருகிறதா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு இடத்தில் நான் திருத்திக் கொடுத்தேன்.

நானும் வந்து சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இவ்வளவு சிரமப்பட்டுத் தயார் செய்திருக்கிறார், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடினால்தான் பயமாக இருக்கிறது, அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். டீச்சர் போய்ச் சொல்லியிருந்தால் அப்பாவின் குறையை அடுத்தவர் வாயால் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இப்போது அவரே எழுந்து நின்று, அவர் வாயாலேயே சொல்லப் போகிறார். அந்த மரியாதையையாவது அவருக்கு நான் காப்பாற்றிக் கொடுத்தேன் இல்லையா, அக்கா?