ஓடைக்குள் நொச்சி

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் காலடியில் ஓர் ஈரச் சாக்கு.

“நொச்சிக்கு யாராவது குடத்துல தண்ணி ஊத்துவாங்களாக்கா? ஓடைக்கு அந்தப் பக்கம் ஒங்க எதுத்த கரைக்காரரு ஊத்துறாரு,” என்றாள் இளையவள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“வேலிக்கு வச்சிருப்பாரு. நொச்சிய ஆடு கடிக்காதுல்ல.”

“வேலின்னா வரப்புல வைக்கணும். ஓடைக்குள்ள எறங்கி எதுக்கு வைக்கிறாரு? வெள்ளம் வந்தா வண்டல் அம்புட்டும் அந்தப் பொதருல தங்கிரும். அவரு கரை வளரும். தண்ணி திரும்பி ஒங்க கரைய அறுக்கும். நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க.”

டிரைவர் பிரேக் போட்டதில் சாக்கு சரிந்து வாய் திறந்தது. உள்ளே ஒரே அளவாக நறுக்கிய நொச்சிக் குச்சிகள்.

“அப்ப நாத்தனா வீட்டுக்குப் போனது இதுக்குத்தானா?”

“பின்ன, பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?”

இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டு கரையிலயும் பொதரு வந்துட்டா தண்ணி எங்கிட்டுப் போகும்? ஒங்களுக்குக் கீழ எங்க வயலுதானக்கா இருக்கு.”

மூத்தவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.