ரெண்டாவது ட்ரிகர்

...அதுக்குத்தான் சொல்றேன் சார், துப்பாக்கியில ஒத்த ட்ரிகரை நம்பவே கூடாது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழல் இருக்கு. அப்ப ரெண்டு ட்ரிகர்தானே இருக்கணும்? முன்னால இருக்கறதை இழுத்தா வலது, பின்னால இருக்கறதை இழுத்தா இடது. பச்சைப் புள்ளைக்கும் புரியும். அதை விட்டுட்டு, ஒரே ட்ரிகர், அதையே ரெண்டு தடவை இழு, ரெண்டும் வெடிக்கும்னா... எந்தப் புத்திசாலிக்கு வந்த யோசனையோ. உக்காருங்க, உக்காருங்க. மெக்கானிக் உள்ள அரத்தை வச்சு எதையோ ராவிட்டிருக்காரு, இப்போதைக்கு வர மாட்டாரு. அந்த ஸ்டூல் வேணாம், எண்ணெய் கொட்டியிருக்கு. இப்படி பெஞ்சுக்கு வாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், ட்ரிகர். இந்தப் பெட்டியில இருக்கே, இந்தத் துப்பாக்கிதான். எண்ணெய் போட்டுத் துடைக்கத்தான் கொண்டுவர வேண்டியது. வேற ஒரு கோளாறும் இல்ல. ஆனா நான் எதையும் செக் பண்ணாம ரிப்பேர் கடைக்குக் குடுக்கற ஆள் இல்ல சார். வாஷிங் மெஷினைக்கூட குடுக்கறதுக்கு முன்னாடி நானே கழட்டிப் பாத்துட்டேன். அது இப்ப ஓடறதில்ல, அது வேற கதை.

பெட்டிக்குள்ள டம்மி தோட்டா கிடந்துது. மருந்து கிருந்து ஒண்ணும் இருக்காது, சும்மா கை பழகறதுக்கு வச்சிருப்பாங்க. அதை ரெண்டு குழல்லயும் போட்டேன். வாசக் கதவைச் சாத்தினேன், வீட்டம்மாவைச் சமையக்கட்டை விட்டு வராதேன்னேன், பீரோவைக் குறி பாத்து இழுத்தேன். டக். சரி. திரும்ப இழுத்தேன். ஒண்ணுமே இல்ல. செத்த மாதிரி கிடக்கு. இழு இழுன்னு இழுக்கறேன், விரல் வலிச்சதுதான் மிச்சம். வீட்டம்மா எட்டிப் பாத்து, "உடைச்சாச்சா?"ன்னா. என்மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நேரா இங்க வந்தேன். "இது பாதி செத்துப்போன துப்பாக்கி, இந்த ஒத்த ட்ரிகரைப் பிடுங்கிப் போட்டுட்டு ரெண்டா வச்சிடுங்க"ன்னேன். அவரு, "சார், இந்தத் துப்பாக்கில வந்து..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் விடல. வேலை செய்யறவங்க பேச ஆரம்பிச்சா வேலையைத் தட்டிக் கழிக்கறாங்கன்னு அர்த்தம். மறுபடியும், "சார், டம்மி தோட்டாவுல..."ன்னாரு. கையைக் காட்டி நிறுத்திட்டேன். தொணதொணன்னு பேசறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நீங்க பரவால்ல, அமைதியான டைப்பு.

வேலையைக் குத்தம் சொல்ல மாட்டேன். ட்ரிகர் உக்கார்ற தகட்டைப் புதுசா வெட்டி, ரெண்டாவதுக்கு இடம் பண்ண கட்டையைக் குடைஞ்சு, சுத்தி இருக்கற வளையத்தை நீட்டி... பாருங்க, தொட்டுத்தான் பாருங்களேன். முன்னது டக், பின்னது டக். காலைல கையில வாங்கினப்ப உச்சி குளுந்து போச்சு.

அதோட வாயை மூடிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். "முன்னாடி ஏங்க ரெண்டாவது அடிக்கல?"ன்னு நானே கேட்டேன். ரொம்பப் பொறுமையா சொல்றாரு. முதல் தோட்டா வெடிச்சா துப்பாக்கி தோளை உதைக்கும்ல, அந்த உதையிலதான் ட்ரிகர் அடுத்த குழலுக்கு மாறுமாம். டம்மி தோட்டா எங்க உதைக்கும்? உதைக்கலன்னா மாறாது. செஞ்சதே அப்படித்தானாம். துப்பாக்கி நல்லாத்தான் இருந்துது சார். கல்லுக்குண்டு மாதிரி இருந்துது.

சிரிக்காதீங்க. என் துப்பாக்கியா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

சம்பந்தியோடது. எம் பொண்ணோட மாமனார். "கடை உங்க வீட்டுப் பக்கம்தானே, எண்ணெய் மட்டும் போட்டு வாங்கி வைங்க, ஞாயித்துக்கிழமை கிளப்புல மண்தட்டைப் பறக்கவிட்டுச் சுடற போட்டி இருக்கு"ன்னு குடுத்துட்டு வெளியூர் போனாரு. அந்த "மட்டும்" என் காதுல விழுந்துச்சு, விழாம இல்ல. அவருக்கு ஒரு நல்லது பண்ணலாம்னுதான்... சரி, பெருமைக்குத்தான். அவரு வாயைப் பொளக்கணும்னு எனக்கு ஆசை. கல்யாணத்துல கை குடுத்தப்பவே பாத்தேன் சார், அந்த ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காம என் பக்கமே நீட்டிட்டு நின்னுது. பேசறப்பவும் அப்படித்தான். என்ன திமிருன்னு அன்னிலேந்து வீட்டம்மாகிட்ட புலம்பிட்டிருக்கேன்.

திமிரு இல்லையாம். சம்பந்தி இந்தக் கடைக்கு வழக்கமா வர்றவராம், மெக்கானிக் சொல்லித்தான் தெரியுது. எப்பவோ மெஷின்ல மாட்டி மூட்டு விறைச்சுப் போச்சாம். வச்ச இடத்துல வச்சு அமுக்க முடியும், அங்கேந்து பின்னால இருக்கற ட்ரிகருக்கு நகர்த்த முடியாது. அதுக்குன்னே அலைஞ்சு திரிஞ்சு ஒத்த ட்ரிகரா பாத்து வாங்கினவராம். இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு கத்தினேன். "நீங்க எங்க சார் விட்டீங்க? அவரு சொல்லித்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்"னுட்டு உள்ள போனவருதான். இன்னும் ராவிட்டே இருக்காரு.

பழையபடி மாத்திடலாமேன்னு சொல்ல வர்றீங்க, அதானே? கேட்டுட்டேன். தகடு வெட்டினது வெட்டினதுதான், கட்டை குடைஞ்சது குடைஞ்சதுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்கற காரியமில்லையாம். எம் பொண்ணு நல்ல இடத்துல வாழறா சார். இதுவரைக்கும் அந்த வீட்டுல அவ காதுபட என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இனிமே சொல்வாங்க. அவ தலையைக் குனிஞ்சுட்டு கேட்டுக்கணும்.

இருங்க, போன்... சம்பந்திதான். ஊர்லேந்து வந்துட்டாரு போல. சார், ஒரு உதவி. நீங்க எடுத்துப் பேசுங்களேன். யாரோ தெரிஞ்சவருன்னு சொல்லிக்குங்க. என்ன சொல்றதுன்னு எனக்கு... எங்க எழுந்து போறீங்க? உங்க முறை இன்னும் வரலயே. சார்... கதவைச் சாத்திட்டாவது போங்க சார்.

ஹலோ... வணக்கம் சம்பந்தி... கடையிலதான்... இல்ல, ஒண்ணுமில்ல... நான் ஏதோ சொல்ல வந்தேனா? இல்ல இல்ல... நீங்க பேசுங்க. நீங்களே பேசுங்க.