விமானச் சத்தத்தோடு ஒன்பது பாட்டு

காபிக்கு நன்றி, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று கேட்டதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. 'இசைத்தொகுப்பு' என்று நான் சொன்னதை உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் 'கேசட்' என்று எழுதினார். முப்பது வருஷமாக இதே பேச்சாக இருப்பவனுக்கு அது உறுத்துமா இல்லையா?

என் பெயர் ஸ்ரீநிவாசராகவன். டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிட்லபாக்கத்தில் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவி சாவித்ரியும் இருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடி மேற்கத்திய இசை கேட்போம். கேட்டு முடித்ததும் போண்டா, அதற்குப் பிறகு சண்டை. சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான்.

உலகின் தலைசிறந்த இசைத்தொகுப்புகள் என்று வெளிநாட்டில் தரவரிசை போடுவார்கள். உங்களுக்கு இருக்கிற வேலையில் அதையெல்லாம் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்துக்காரன் போட்டால் பாதிக்கு மேல் இங்கிலாந்து. அமெரிக்காக்காரன் போட்டால் அமெரிக்கா. பிரான்ஸில் போட்டால் நாம் கேள்வியே படாத பிரெஞ்சுப் பாடகர்கள் திடீரென்று முளைப்பார்கள். தலைப்பில் மட்டும் உலகம் இருக்கும், உள்ளே நம்மைத் தேடினால் கிடைக்கமாட்டோம். எனக்கு வயிறு எரியும். விடாமல் கண்டித்து எழுதுவேன். இந்த ஆளை உள்ளே விட்டால்தான் வாயை மூடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ, லண்டன் இணையதளம் ஒன்று தன்னுடைய ஐந்நூறு தொகுப்புத் தரவரிசைக்கு என்னை நடுவராகப் போட்டது. இந்தியாவுக்கு நான் ஒருவன்தான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெபசீலன் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜெபசீலன் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர். அனகாபுத்தூர்க்காரர். கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் சர்வீஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. அவர் மெட்டுப்போட்டு, அவர் மனைவி ஷீலா பாடி, வீட்டிலேயே ஒன்பது பாட்டு பதிவு செய்திருந்தார்கள். பத்தாவதையும் பாடிவிட்டு வெளியிடலாம் என்று ஷீலா சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அதற்குள் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம்.

"லிஸ்ட்ல வந்துச்சுன்னா அவங்களே எடுத்து பத்திரமா வெப்பாங்களாமே சார். அவ குரல் எங்கியாவது இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றார்.

கூட்டத்தில் எல்லோருமாக உட்கார்ந்து கேட்டோம். அனகாபுத்தூர் ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கிறது, தலையை இடிப்பது போல விமானம் போகும். பாட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் வருகிறது. ஷீலா பிடித்த ஸ்வரத்தை விடாமல் நிற்கிறாள். சத்தம் தேய்ந்த பிறகு அடுத்த வரிக்குப் போகிறாள். ஒவ்வொரு பாட்டிலும் இப்படித்தான்.

"இந்த இரைச்சலை எடுத்துட முடியாதா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டா எங்க வூடே போய்டும் சார்" என்றார் ஜெபசீலன்.

பெருங்களத்தூர் கிரீஷ் உடனே ஆரம்பித்தான். "ராகவன் சார், போன வாரம் இங்கிலாந்து ரெக்கார்டுல நாற்காலி கிரீச்னுது. ஆஹா, மனுஷ வாசனைன்னு கண்ணை மூடிண்டீங்க. நாற்காலிக்கு மார்க் உண்டு, பிளேனுக்குக் கிடையாதா?" எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசீலனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்வதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது பாட்டில் எனக்குக் கண் கலங்கியது. கலங்கின உடனே சந்தேகமும் வந்துவிட்டது. நம்ம ஊர், நம்ம பாஷை, தெரிந்த பொம்பிளை என்பதால்தானே இது? இந்தப் பாரபட்சத்தைத்தானே முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்? நானே அதைச் செய்தால் லண்டனில் என்ன நினைப்பார்கள்? நியாயமாக நடந்துகொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஜெபசீலனிடம் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். கிளம்பும்போது டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். "மழ வந்தா எங்க வூட்ல தண்ணி ஏறும் சார். உங்க மாடியிலயே இருக்கட்டும். கம்ப்யூட்டர் போன வெள்ளத்துலயே பூட்ச்சு, வேற காப்பி கிடையாது" என்றார்.

நடுவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய தொகுப்புகளை எல்லாம் லண்டனில் இருந்து இணையத்தில் அனுப்பி வைத்தார்கள். என் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. மேஜை மேல் ஜெபசீலனின் டிஸ்க் இருந்தது. சொருகினேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. இயந்திரங்கள் எவ்வளவு மரியாதையாகக் கேட்கின்றன பாருங்கள். சம்மதம் என்றேன். ஒன்பது பாட்டு போன இடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொகுப்பு வந்து உட்கார்ந்தது. வேறு காப்பி இருக்கும் என்று நினைத்ததாகக் காலையில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, அடித்துவிடுங்கள். இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு நாள், லண்டன் தரவரிசைக்கு ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்க ஜெபசீலன் வீட்டுக்கு வந்தார். போட்டாச்சு என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வாய் வரவில்லை.

மறு வாரம் மழை கொட்டியது. ஏரியைத் திறந்து அடையாற்றில் தண்ணீர் விட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் வந்தது.

"எங்களல்லாம் ஸ்கூல்ல கொண்டாந்து வெச்சுகிறாங்க சார். வூட்ல மார் மட்டும் தண்ணி. போனா போவுது. அந்த டிஸ்க் உங்ககிட்ட பத்திரமா கீதுல்ல, அது போதும் எனக்கு."

என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அந்த நேரத்தில் போய் உண்மையைச் சொல்வதா? "போன வாரம் வந்தப்போ நீங்கதானே ஜெபசீலன் வாங்கிண்டு போனீங்க?" என்றேன்.

"நானா சார்?"

"ஆமாம். காபி சாப்பிட்டுட்டு, கையோட எடுத்துண்டு போனீங்களே."

பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. "இந்த மழ பேஜார்ல ஒண்ணும் நெனப்புல நிக்கல சார். அப்போ பீரோ மேலதான் வெச்சிருப்பேன். போய் எடுத்துகினு வந்துர்றேன்" என்றார்.

போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "பார்த்துப் போங்க" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

சாவித்ரி ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "ஏன்னா, அது உங்க மேஜை மேலதானே இருக்கு?" என்றாள். உள்ளே போ என்றேன். ஷீலாவின் தம்பி பிரிட்டோவிடம் துக்க வீட்டில் அதை அவள்தான் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பிரிட்டோதான் ஜெபசீலன் வீட்டுக் கதவை உடைத்திருக்கிறான். பீரோ சரிந்து கிடந்ததாம். அவர் அதற்கு அடியில் கிடந்தாராம். "மேல இருந்த சாமானையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து கட்டில்ல வெச்சிருக்காரு சார். இன்னாத்த தேடுனாருன்னு தெர்ல" என்று என்னிடம் வந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. சர்ச்சுக்கும் போயிருந்தேன். அன்றைக்கு அங்கே கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை.

தரவரிசை வந்துவிட்டது. என் ஓட்டில் ஓர் இந்தியத் தொகுப்புகூட இல்லையே என்று லண்டனில் கேட்டார்கள். கலைக்கு நாடு கிடையாது என்று எழுதி அனுப்பினேன். அதைப் பெரிய எழுத்தில் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் பாருங்கள், போனிலேயே வரும்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், மேஜையில் இன்னொரு டிஸ்க்கும் இருந்தது. மான்செஸ்டரில் ஒரு குழு பாட ஆரம்பிப்பதற்கு முன் கிடாருக்குச் சுருதி சேர்க்கிற சத்தம், அரைமணி நேரம். வேறெதுவும் அதில் இல்லை. அதை அழித்திருக்கக் கூடாதா என்கிறீர்கள். அது எப்படி சார் அழிக்க முடியும்? அது அபூர்வமான பதிவாச்சே.