ஒன்றை நான்காக்கியவள்

பள்ளியில் கையெழுத்துக்காக எனக்கு இரண்டு வருடம் தொடர்ந்து பரிசு கொடுத்திருக்கிறார்கள், ஐயா. இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் அதனால்தான். உங்கள் காவலர் மிகவும் சிரமப்பட்டு எழுதுகிறார். போகட்டும், மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஹெஸ்டர் டெரிங். வயது ஐம்பத்து மூன்று. என் தம்பி ஏம்ப்ரோஸ் என்னைவிட ஆறு வயது சிறியவன். ஃபால்மத் துறைமுகம் தெரியும் இதே வீட்டில்தான் இருவரும் பிறந்தோம்.

அவனுக்குத் தெரியாத விஷயம் குறைவு. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பான். காளான்களைத் தொட்டுப் பார்த்தே எது விஷம் என்று சொல்வான். ஒரே ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக ஐஸ்லாந்து மொழி கற்றான். பழைய வரைபடங்களில் மட்டும் இருக்கிற, நிஜக் கடலில் இல்லாத தீவுகளைப் பற்றி அவன் எழுதிய புத்தகத்தை நான்தான் அழகாகப் பிரதி எடுத்தேன். வருடக்கணக்கில் அவனுக்காக எழுதி எழுதி, எது அவன் எழுத்து, எது என் எழுத்து என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

கடற்படையில் இருந்தவன். 1914இல் போர் அறிவித்த வாரம், கப்பலில் ஏற வேண்டியவன் ஏணிக்கு முன்னால் நின்றுவிட்டான். இரண்டு மாலுமிகள் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதன்பின் பதினோரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஊட்டினேன், சவரம் செய்துவிட்டேன். என் கையைப் பிடித்தால்தான் தூங்குவான். அப்போது எனக்கு முப்பது வயது. இந்த ஊரில் யாரும் என்னைப் பெண் கேட்டு வந்ததில்லை. அந்தப் பதினோரு மாதத்தை எல்லோரும் எங்கள் கஷ்டகாலம் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

பிறகு குணமானான். கல்யாணம் செய்துகொண்டு போனான். ஆறு வருடத்தில் அவன் மனைவி அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே நின்று சொன்னாள்: "உங்க தம்பிக்குள்ள பத்துப் பேர் இருக்காங்க, ஹெஸ்டர். அதுல ஒருத்தர்கூட சாப்பாட்டு மேஜைக்கு வர்றதில்ல. இனி நீங்களே பாத்துக்கோங்க." நான் பார்த்துக்கொண்டேன்.

கடிகாரங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஜோசையா டேப் என்ற படகுத் தச்சன், நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று மாலுமிகள் கணக்கிடுவதற்காக, இருநூறு வருடத்துக்கு முன்னால் செய்தவை. மொத்தம் நான்கு. லண்டனில் ஒரு வானாய்வுக்கூடத்தின் நிலவறையில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. ஏம்ப்ரோஸ் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்து, இந்த முன்னறையில் வைத்து, தொப்பி துடைக்கும் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தான். எட்டு வருடம் ஆயிற்று. மூன்று கடிகாரங்கள் ஓடத் தொடங்கி லண்டனுக்குத் திரும்பின. நான்காவதுதான் கடைசி.

அந்த வருடங்களில் அவன் அதிகம் பேசமாட்டான். பக்கத்து அறையில் நான் தைத்துக்கொண்டிருப்பேன். "டீ குடிக்கிறியா?" என்றால் "ம்" என்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மிஸ் சிபில் ஆட்லி வந்தாள். வானாய்வுக்கூடத்தில் கணக்குப் போடும் வேலை. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க மாதம் ஒருமுறை ரயிலில் வருவாள். முதல் நாளே அவனிடம், "உங்க புத்தகத்துல இருக்கற தீவு ஒண்ணுகூட நிஜமில்ல. நீங்க மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாள். ஏம்ப்ரோஸ் சிரித்தான். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரலில், காலை உணவின்போது சொன்னான்: "நாலாவது கடிகாரம் நாப்பது நாள் ஒழுங்கா ஓடிட்டா வேலை முடிஞ்சுது, ஹெட்டி. சிபிலும் நானும் லண்டன்ல வீடு பாத்திருக்கோம். உனக்கும் ஒரு அறை இருக்கு. எப்ப வேணா வா."

நல்ல மனதுடன்தான் சொன்னான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால், எந்த நாளும் எனக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை என்றுதானே பொருள்? நான் அவனுக்கு இன்னொரு ரொட்டித்துண்டில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

தினமும் காலை பத்தரைக்கு வானொலியில் நேரக் குறி ஒலிக்கும். கடிகாரம் அதைவிட எத்தனை நொடி முந்துகிறது என்று பார்த்துப் பென்சிலால் நோட்டில் எழுதுவான். பிறகு துறைமுகம்வரை நடந்துவிட்டு வருவான். ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து தேய்த்தால் பென்சில் கோடு சுவடே இல்லாமல் போய்விடும். அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவன் ஒன்று என்று எழுதியிருந்ததை நான்கு என்று மாற்றினேன். மறுநாள் பார்க்கும்போது, கடிகாரம் ஒரே நாளில் மூன்று நொடி தவறியதுபோல் தெரிந்தது. நாற்பது நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அவ்வளவுதான் நான் விரும்பியது. இன்னும் கொஞ்ச காலம்.

அவன் கடிகாரத்தைப் பிரித்தான். குற்றம் எதுவும் இல்லை. மீண்டும் பூட்டினான். இப்படி ஏழு தடவை. கோடை முடிந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நான் அவனுக்குப் பிடித்த குங்குமப்பூ ரொட்டி சுட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள், "ஹெட்டி, எனக்கு ஒண்ணுன்னு ஞாபகம். நோட்டுல நாலுன்னு இருக்கு" என்றான்.

"நோட்டு உன் கையெழுத்துதானே" என்றேன். அது பொய் இல்லை என்றே அப்போது தோன்றியது.

மறுநாள் பத்தரைக்கு என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னான். "நீயும் பாரு. எனக்கு சாட்சி வேணும்." இருவரும் பார்த்தோம். ஒரு நொடி. "ஒண்ணு" என்று உரக்கச் சொல்லி எழுதினான். வெளியே போகும்போது சின்ன வயதில் செய்வதுபோல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் நோட்டில் நான்கு என்று இருந்தது. அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு கேட்டான்: "நேத்து நீயும் பாத்தே இல்ல, ஹெட்டி? நான் என்ன சொன்னேன்?"

"நாலுன்னுதான் சொன்னே" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டி வைத்தான். பென்சிலை என் கையில் கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பேசவில்லை.

டாக்டர் பாஸ்கோ ஆறு மாதம் வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவர் புத்தி கெட்டுப்போகலம்மா. அதை நம்பறதை விட்டுட்டார். அவர் நினைச்சது சரிதான்னு ஒரே ஒரு விஷயத்துல யாராவது நிரூபிச்சுக் காட்டினா எழுந்து வந்துடுவார்." அவருக்கு நன்றி சொல்லிக் கதவுவரை கொண்டுபோய் விட்டேன். பிறகு மேலே போய், ஏம்ப்ரோஸுக்கு சூப் ஊட்டினேன். அந்த நிரூபணம் என்னிடம் இருந்தது, ஐயா. ஒவ்வொரு நாளும் மூன்று வேளை, தட்டோடு அதையும் தூக்கிக்கொண்டு படியேறி, அப்படியே இறங்கி வந்தேன்.

மிஸ் ஆட்லி வந்தபோதெல்லாம், அவன் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவளுடைய கடிதங்கள் அந்த மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அந்தக் கோடை முழுவதும் துறைமுகம் போகும் வழியில் அவன் தினமும் அவளுக்கு ஓர் அட்டை தபாலில் போட்டிருக்கிறான். 'இன்று ஒரு நொடி, சிபில்' என்று. வானாய்வுக்கூடம் போன மாதம் கடிகாரத்தையும் நோட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டது. அவள் அட்டைகளை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

நான் செய்ததை எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. அது உங்கள் வேலை. அவன் அறிவை நான்தான் அவனிடமிருந்து எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன், திருப்பிக் கொடுக்க முடிந்தபோதும் கொடுக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் தனியாகக் கிடந்தான் என்று மட்டும் எழுத வேண்டாம். ஒரு நாள்கூட நான் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை.

இன்று காலை நான் மீன் வாங்கப் போயிருந்தபோது மிஸ் ஆட்லி மேலே போயிருக்கிறாள். திரும்பி வந்து படியேறினேன். அறைக்குள் அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். "மே மூணு, ஒரு நொடி. மே நாலு, ஒரு நொடி." அவன் முகம் நனைந்திருந்தது. நான் வாசலில் நிற்பதை அவன் பார்த்தான். நேராக, வெகுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பேசினான்.

"கதவைச் சாத்து, சிபில்."

படிக்கட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஐயா. எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும்.