டில்டாவை மூழ்கடிக்க மறுத்த மார்வா

மேடையில் இருக்கும் பாஸ்டர் இங்க்ரிட் அவர்களே, லாந்தர் ஹில் பதிப்பகத்தை நிறுவி நடத்திவரும் வென்டெல் கிராஸ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மார்வாவின் கணவர், என் நண்பர் எல்ராய் அவர்களே, டெட்டிங்கர் குடும்பத்தாரே, இந்தத் திருச்சபையின் சகோதரிகளே, மார்வாவுக்கு விடைகொடுக்கச் சட்டைப்பையில் பகடைக் காய்களோடு வெகுதூரம் காரோட்டி கெனோஷாவுக்கு வந்திருக்கும் விளையாட்டுக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ஹார்லன் வெசலி. இந்த ஊரில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க வகுப்பெடுத்த ஒருவனைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்று பாஸ்டர் நம்புகிறார். அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன்.

மார்வா டெட்டிங்கர் என்ன வேலை பார்த்தார்? இடப்பக்கம் அமர்ந்திருக்கும் உறவினர்களும் சர்ச் தோழிகளும் இன்று காப்பி ஊற்றிக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்வி இது. வலப்பக்கம் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தெரியாதவருக்குத் தெரிந்தவர் காத்திருப்பதுதான் வகுப்பறை ஒழுங்கு.

ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். ஒருவர் நீந்துகிறேன் என்பார், ஒருவர் படகைத் திருடுகிறேன் என்பார். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். அந்த ஆறு எங்கே ஓடுகிறது, படகு யாருடையது, ஊரை ஆள்வது யார் என்றெல்லாம் எழுதித் தருபவை லாந்தர் ஹில் புத்தகங்கள். அந்தக் கற்பனை நாட்டுக்கு ஹாரன்மீர் என்று பெயர். பலர் பல வருடங்களாக அதை எழுதிவருகிறார்கள். ஒரே பானையில் பலர் சமைத்தால் என்ன ஆகும்? ஒருவர் போட்ட உப்பு இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு புத்தகத்தில் மகன் பிறந்து எட்டு வருடம் கழித்து, அடுத்த புத்தகத்தில் தகப்பன் பிறப்பான். முன்னுக்குப் பின் முரண். அந்த முரண்களைத் தேடிப் பிடிப்பதுதான் மார்வாவின் வேலை.

பிடித்தால் திருத்திவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மாணவர்கள் ஒருமுறை ஹாரன்மீர் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். கடலிலிருந்து நானூறு மைல் உள்ளே ஒரு மலையடிவார ஊர். அங்கே ஒரு சத்திரத்தில், அன்று காலை பிடித்த ஹெர்ரிங் என்ற கடல்மீனை வறுத்துத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கிற ஊர்க்காரன் நான். மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருப்பேனா? பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். மறுவாரம் தொலைபேசி ஒலித்தது.

"வாத்தியாரா பேசறது? நான் லாந்தர் ஹில்லேருந்து மார்வா. நீங்க சொன்னது சரி. அந்த ஊருக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப மாத்திடுவீங்களா?"

"அதெப்படி மாத்தறது? அயோவால ஒரு மேஜைல அந்த மீனை ஏற்கெனவே சாப்பிட்டுட்டாங்களே."

"சாப்பிட்டுட்டாங்களா?"

"ஒருத்தருக்கு அதுல விஷம் வச்சுக் குடுத்திருக்காங்க. அதுலேருந்துதான் அவங்க கதையே ரெண்டு வருஷமா ஓடுது. இப்ப போய் மீனே கிடையாதுன்னா அந்த மனுஷன் எதைத் தின்னு செத்தான்?"

அவரே தொடர்ந்தார்.

"வாத்தியாரே, நீங்க புவியியல்தானே? எனக்கு அந்த ஊர்ல ஒரு மீன் வேணும். நியாயமான மீனா வேணும். ஏற்பாடு பண்ணிக் குடுங்க."

நான் என்ன செய்தேன்? ஊருக்கு வடக்கே பழங்காலப் பனிப்பாறை தோண்டிய பெரும் பள்ளம் ஒன்றை வைத்தேன். அதில் நீரை நிரப்பினேன். நம் ஏரியில் இருப்பதைப் போல நன்னீர் ஹெர்ரிங் விட்டேன். வரைபடக்காரர் என்னைத் திட்டித் தீர்த்தார். ஒரு வறுத்த மீனுக்காக ஓர் ஏரியையே உண்டாக்கிய வாத்தியார் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து மார்வாவின் சமையலறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவர் வேலை செய்யும் முறையையும் அங்கேதான் பார்த்தேன். ஒரு முரண் கையில் கிடைத்ததும் எது சரி, எது தவறு என்று அவர் முதலில் கேட்கமாட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "இதை யாராவது விளையாடிட்டாங்களா?"

விளையாடவில்லை என்றால் அவர் இரக்கமே காட்டமாட்டார். மகனுக்குப் பின் பிறந்த அந்தத் தகப்பனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் முப்பது வயது கூடிவிட்டது. ஆனால் எங்கோ ஒரு மேஜையில் நான்கு பேர் அந்தப் பிழைக்குள் போய் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அதை அழிக்க அவருக்கு மனம் வராது. நாட்டையே வளைப்பாரே தவிர அதை அழிக்கமாட்டார். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"நாம எழுதறதோட சரி வாத்தியாரே. அவங்க அங்க போயிட்டு வந்தவங்க. வீட்ல உக்காந்திருக்கிற நான், போயிட்டு வந்தவங்களைப் பாத்து நீ போகவே இல்லன்னு சொல்லலாமா?"

இப்போது டில்டாவுக்கு வருகிறேன். கோர் ஆற்றில் ஓடம் விடுபவள் டில்டா. இரண்டாம் புத்தகத்தில் அவள் பெருவெள்ளத்தில் மூழ்கி இறந்துபோகிறாள். மிக அழகான பக்கம் அது. எழுதியவர் நம் வென்டெல் அவர்கள். ஐந்தாம் புத்தகத்தை வேறொருவர் எழுதினார். அதில், வெள்ளம் வந்து பத்து வருடம் கழித்து, டில்டா ஓடத்தில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓடத்தில் ஏற எவ்வளவு என்று விலையும் சொல்கிறாள்.

வென்டெல் கொதித்துப்போனார். மறுக்காதீர்கள் வென்டெல், நான் அங்கே இருந்தேன்.

"அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுப் பெரிய பெரிய ஆளுங்க அழுதிருக்காங்க மார்வா. இவ என்னடான்னா வெங்காயம் தின்னுட்டிருக்கா. அடுத்த இதழ்ல திருத்தம் போடு. அது டில்டா இல்ல, அவ தங்கச்சின்னு போட்டு முடி."

"கேட்டுட்டுப் போடறேன்."

"யாரைக் கேக்கப் போற? செத்தவளையா?"

"ஓடத்துல ஏறினவங்களை."

பதிப்பகத்தின் இதழில் மார்வா கேட்டார்: ஐந்தாம் புத்தகத்து டில்டாவின் ஓடத்தில் யாராவது ஏறியிருக்கிறீர்களா? சில நாள் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நீனா என்ற ஊரில் காகித ஆலையில் வேலை பார்க்கும் ரஸ் பாவ்லாக். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

"மேடம், அந்த ஓடக்காரியைப் பத்திக் கேட்டிருந்தீங்களே. நாங்க ஏறினோம்."

"சொல்லுங்க ரஸ்."

"என் தம்பி டென்னி இருக்கானே, ஆட்டத்துல சரியான கஞ்சன் மேடம். ஒரு காசு எடுக்கமாட்டான். அன்னிக்கு டில்டாவோட துடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இவன் என்ன பண்ணான், தன் ஈட்டியோட முனையைக் கழட்டிட்டு அந்தக் கம்பை அவகிட்டக் குடுத்துட்டான். எங்களுக்குச் சிரிப்பு தாங்கல. டேய், அக்கரைல அரக்கன் நிக்கறான்டா, எதை வச்சுடா குத்துவேன்னு கேட்டேன். 'நமக்கு ஒரு நாள் சண்டை, அவ தினமும் ஆத்தைத் தாண்டணும்ல'ன்னான்."

மார்வா அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

"அதுதான் மேடம் அவன் கடைசியா விளையாடினது. மறுவாரம் ரோட்ல பனி, கார் வழுக்கிடுச்சு. நீங்க திருத்தம் போடறதுன்னா போடுங்க, உங்க புத்தகம். ஆனா தங்கச்சின்னு மட்டும் போடாதீங்க. அவன் அவ பேரைக் கேட்டுட்டுத்தான் அதைக் குடுத்தான்."

நண்பர்களே, ஒரு பக்கம் ஓர் எழுத்தாளரின் மிகச் சிறந்த பக்கம். இன்னொரு பக்கம் ஓர் அண்ணனிடம் மிஞ்சியிருக்கும் தம்பியின் கடைசிச் செயல். எதை அழிப்பது? உங்களிடம் கேட்டால் எதை அழிப்பீர்கள்?

மார்வா இரண்டையும் அழிக்கவில்லை. ஆறாம் புத்தகத்தில் கோர் ஆற்றைப் பற்றிச் சில வரிகள் சேர்த்தார். எனக்கு அவை மனப்பாடம். 'வடகரைக்காரர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் டில்டாவை நினைத்து ஆற்றில் மாலை விடுகிறார்கள். தென்கரைக்காரர்கள் டில்டாவுக்கு ஓடக்கூலி கொடுக்கிறார்கள். இரு கரையாரும் சந்தையில் சந்தித்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி அவர்கள் சண்டையிட்டதில்லை. அவள் துடுப்பு ஒரு பழைய ஈட்டிக் கம்பு.'

வென்டெல் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "என் பக்கத்துல கை வச்சியா?"

"ஒரு எழுத்துகூடத் தொடல. நீ கொன்னவ செத்துதான் கிடக்கா."

"அப்ப இது முரண்தானே?"

"முரண்தான்."

வென்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெங்காயத்தையாவது எடுத்துடேன்" என்றார். மார்வா அதையும் எடுக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இன்றைய கதைக்கு வருகிறேன். ஹாரன்மீர் புத்தகங்கள் எல்லாம் இந்த வருடம் ஒரே பெரிய தொகுப்பாக வரப்போகின்றன. புதிதாக வாங்குபவர் குழம்பக் கூடாது, எல்லா முரண்களையும் நீக்கிவிட வேண்டும் என்பது பதிப்பகத்தின் எண்ணம். அதில் தவறில்லை. மார்வா படுக்கையில் இருந்தபடி அந்த வேலையைத் தொடங்கினார். அவர் இதயம் அதை முடிக்க விடவில்லை. அவர் போன செய்தி கேட்டதும் இந்த மண்டபத்தின் வலப்பக்கத்தில் எத்தனை பேருக்கு ஒரே பயம் வந்திருக்கும்? சற்று முன் வாகன நிறுத்தத்தில் ரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, கேக்கக் கூடாத நேரம்தான். புதுத் தொகுப்புல டில்டா இருப்பாளா?" என்றார்.

ரஸ், அங்கே வைத்து நான் பதில் சொல்லவில்லை. இங்கே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மாலை மார்வாவின் சமையலறையில் எல்ராயும் வென்டெலும் நானும் இருந்தோம். அச்சுக்கூடம் காத்திருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சீராக்கிவிடலாம் என்று வென்டெல் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்ராய் நகராட்சித் தண்ணீர்க் குழாய்களோடு காலம் கழித்தவர். பகடையைத் தொட்டதே இல்லை. அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு உங்க புத்தகம் ஒரு வரிகூடப் புரியாது வென்டெல். நீ எது வேணா அழி. ஆனா அவ ஒவ்வொண்ணுக்கும் போன் பண்ணிக் கேட்டா. நீயும் கேட்டுட்டு அழி. அடுத்து டுலூத்ல ஆர்டிஸ்னு ஒரு அம்மாகிட்டப் பேசணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டிருந்தா. ஏதோ மலைக் கணவாயாம், நடுக் கோடைல பனி பெய்யுதாம். போன் அங்க இருக்கு."

வென்டெல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பரீட்சை அறையில் வாத்தியார் உதவக் கூடாது.

அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தொலைபேசியில், மார்வா எழுதி வைத்திருந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் உடனே எடுத்துவிட்டார்கள். எண்ணைப் பார்த்து அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் குரல் எங்கள் வரை கேட்டது.

"மார்வா! எங்க பனிக்கு முறை வந்துடுச்சா? எத்தனை மாசமா காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

வென்டெல் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

"மார்வா? இருக்கியா?"

"மார்வா இல்லீங்க" என்றார் வென்டெல். "நான் அவங்ககிட்ட வேலை பாக்கறவன்."

மாவட்டமே அறிந்த ஒரு பதிப்பாளர், தன் நிறுவனத்து ஊழியரின் சமையலறையில் நின்று சொன்ன சொல் இது. இதற்கு மேல் மார்வாவுக்கு நான் என்ன புகழ் மாலை கட்ட முடியும்? பிறகு நடந்ததை அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். மறுமுனையில் அழுகை. இவரும் அழுதார். அது அடங்கிய பிறகு ஆர்டிஸ் கேட்டார்: "அப்ப எங்க பனி?"

"அதைத்தான் கேக்கக் கூப்பிட்டேன். அந்தக் கணவாய்ல உங்களுக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்ராய் விளக்கைப் போட்டார். கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தொலைபேசியை வைத்ததும் வென்டெல் என்னிடம் திரும்பி, "வாத்தியாரே, நடுக் கோடைல பனி பெய்ய நியாயமா ஒரு வழி இருக்கா?" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அச்சுக்கூடத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார். டில்டாவைத் தொடப்போவதில்லை, வெங்காயத்தையும் தொடப்போவதில்லை என்றும் சொன்னார். ரஸ், உங்கள் தம்பி கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும்.

அன்பார்ந்தவர்களே, மார்வா டெட்டிங்கரின் பணியை நாங்கள் தொடர்வோம். வென்டெல், நான், விருப்பமுள்ள யாரும். எல்ராய் அந்தத் தொலைபேசி இணைப்பை அப்படியே விட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார். ஆகவே இனிமேலும் அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். தயவுசெய்து எடுங்கள். பேசுபவர் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு நாங்கள் புதியவர்கள்.