தீர்ப்பின் கடைசிப் பக்கம்

சுவிஸில் லுசேர்ணிலிருந்து சூக் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அமர்ந்திருந்தார்கள். ஒரே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்த ஆணுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரைவிட இளைய அந்தப் பெண் அவரை அண்ணை என்று கூப்பிட்டாள்.

“என்னைத் திருப்பி அனுப்பச் சொன்ன தீர்ப்புக்கு நான்தான் காசு கட்டினனான்,” என்றார் அவர்.

“என்ன கதை அண்ணை இது?”

“அகதி வழக்கு அப்பீலிலை தோத்தனான் எல்லோ. தோத்த ஆள் கட்டவேண்டிய கோர்ட் செலவைக் கட்டேல்லை. பிறகு வேற வழியாலை வருசா வருசம் புதுப்பிக்கிற பி பெர்மிட் கிடைச்சது, அதை மறந்திட்டன். இப்ப நிரந்தரமா இருக்கிற சீ பெர்மிட்டுக்குப் போட்டால், கடன் அறவிடுற அரசாங்கக் கந்தோரிலை என்ரை பெயர் பதிவாய்க் கிடக்குதாம். விண்ணப்பத்தை நிப்பாட்டிப்போட்டினம்.”

“ஞாயம் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். தீர்ப்புச் சரியெண்டால் நான் இஞ்சை இருக்கேலாது, பிழையெண்டால் ஏன் கட்டவேணும் எண்டன். விளங்குது, ஆனா கட்டுங்கோ எண்டு கந்தோரிலை இருந்த பொம்பிளை சொன்னா.”

“பிறகு?”

“கட்டிப்போட்டு, பதிவிலையிருந்து என்ரை பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டன். எடுத்தாப் பிறகுதான் விண்ணப்பத்தைத் திரும்பப் பாத்தவை. போன கிழமை சீ வந்தது.”



“அந்தச் செலவு தீர்ப்பிலை எங்கை எழுதியிருக்கும் அண்ணை?”

“கடைசிப் பக்கத்திலை. அப்பீல் தள்ளுபடி எண்ட வரிக்குக் கீழை.”

“என்ரை தீர்ப்பை நான் அந்த வரியோடை மூடி வைச்சிட்டன்,” என்றாள்.